கூதல்மேட்டில் நான் பார்க்கப்பட்டது

சென்ற ஆனி மாதம் பத்தொன்பதாம் தேதி, காலை எட்டேகால் மணிக்கு, நான் சடையனாகப் பார்க்கப்பட்டேன்.

கூதல்மேட்டில் இது புதிதல்ல. சடையன் எங்கள் மலையின் சோலைக்காட்டில் வசிக்கிறார். உடம்பெல்லாம் முடி, இரண்டு காலில் நடை, குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவே எங்கோ நின்றுவிட்ட முகம். அவரை யாராவது பார்த்தால் பேரூராட்சி அலுவலக மாடியில் இருக்கும் பார்வைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். மூடுபனியில் ஆள் மாறிப் பார்ப்பதும் உண்டு. ஒருமுறை தபால்காரரைச் சடையனாகப் பார்த்துவிட்டார்கள். இரண்டு நாளில் திருத்த அறிவிப்பு ஒட்டினார்கள், அவர் மறுபடியும் தபால்காரர் ஆகிவிட்டார். என் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியாததற்குக் காரணம், சடையனே ஆட்சேபணை மனு கொடுத்ததுதான்.

என் பெயர் வெள்ளைச்சாமி. வயது ஐம்பத்து மூன்று. தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் ஒரு மழைமானி இருக்கிறது. தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் சேர்ந்திருக்கும் தண்ணீரை அளந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று மழைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்தாறு வருடங்களில் ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். கல்யாணத்தன்று கழுத்தில் மாலையோடு போயிருக்கிறேன். என்னைப் பற்றிச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. இதையும் நானே எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

பத்தொன்பதாம் தேதி நடந்தது இவ்வளவுதான். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். கெண்டைக்காலில் அட்டை கடித்தது. காலைத் தூக்கி ஒரு பாறைமேல் வைத்து, குனிந்து, அதைப் பிய்த்துப் பார்த்தேன். அட்டை வரவில்லை. வாயைக் கோணிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அந்த நேரம் பார்த்து மலைப் பேருந்து வளைவில் திரும்பியது. சன்னலோரம் இருந்த ஒரு பயணி படம் எடுத்துவிட்டார்.

படம் போதுமான அளவு மங்கியிருந்தது. தெளிவான படங்களைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து நிபுணர்கள் வந்து, பாறையை அளந்து, அறிக்கை எழுதினார்கள். உயரம் ஏழடி. எடை நூற்று நாற்பது கிலோ. ஒரு காலை உயர்த்தி எதிரியை எச்சரிக்கும் தோரணை. முகத்தில் ஆதிகாலத்துச் சினம். நான் ஐந்தடி மூன்று அங்குலம். என்னை யாரும் அதற்கு முன்பு அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அந்த அறிக்கையில் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் மழைப் புத்தகம் இருக்கிறதே. அன்று காலை எட்டேகாலுக்கு அந்தப் பாதையில் இருந்தது சடையன் என்றால், எட்டரைக்கு மழை அளந்தது யார்? அன்றைக்கு நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் எழுதியிருந்தேன். அதைக் காப்பாற்றவேண்டி, படத்தில் இருப்பது நான்தான் என்று மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

பார்வை ஆய்வாளர் மரகதவல்லி என் மனுவை வாங்கி, இன்னொரு மனுவின் பக்கத்தில் வைத்தார். பச்சைப் பேனாவும் எப்போதும் பாதி மூடிய கண்களும் உடையவர். அந்த வேலைக்குக் கண்களை முழுதாகத் திறப்பவர்களை எடுப்பதில்லை.

"உங்களுக்கு முன்னாடியே சடையன் வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார் சார்" என்றார்.

படித்துப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருந்தது. "படத்தில் இருப்பவர் நான் அல்ல. எனக்குக் கூன் கிடையாது. மேற்படி தோரணையால் எனக்கும் என் தாயாருக்கும் தலைகுனிவு ஏற்பட்டுள்ளது" என்று இருந்தது.

"நானும் அதைத்தானே மேடம் சொல்றேன். அது நான். அவர் இல்லை. ரெண்டு பேரும் ஒண்ணையேதான் சொல்றோம்."

"நீங்க, நீங்கதான்னு சொல்றீங்க. அவர், அவர் இல்லைன்னு சொல்றார். ரெண்டும் வேற வேற மனு. ஏழடின்னு நிபுணர் அறிக்கை வேற இருக்கு. விசாரிக்கணும்." நாட்காட்டியைப் புரட்டினார். "ஆடி இருபத்தெட்டு. அதுவரைக்கும் நீங்க சர்ச்சைக்குரியவர்."

விதிமுறைகள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். சர்ச்சைக்குரியவர் பகலில் யாருக்கும் நாற்பதடிக்குள் வரக்கூடாது. திறந்த வெளியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. வாசல் வழியாக வீட்டுக்குள் நுழையக்கூடாது. கையெழுத்துப் போட உரிமை கிடையாது, அதற்குப் பதில் காலடித் தடம் வைக்கலாம். மழை அளக்கத் தடை இல்லை என்று கடைசி வரியில் இருந்தது. எனக்கு அது போதும் என்று சொல்லிவிட்டு, மரங்களுக்கு இடையே நடந்து வீட்டுக்குப் போனேன்.

தாளை வேலியில் செருகிவிட்டு, நாற்பதடி தள்ளி நின்று என் மனைவி பேச்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று நாங்கள் நன்றாகக் கற்றுவைத்திருந்தோம். அவள் தாளை எடுத்து முழுவதும் படித்தாள்.

"சாப்பாடு பின்னாடி இருக்கற மரக்கட்டை மேல வச்சிர்றேன்" என்றாள். "யாரும் இல்லாதப்ப வந்து எடுத்துக்கங்க."

"நீ இருக்கலாமா?"

"நான் சன்னல்ல இருப்பேன். நாப்பதடி வரும்."

சர்ச்சைக்குரியவனாக நான் நன்றாக வாழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டீக்கடை ராக்கப்பன் இருபத்தாறு வருடங்களாக எனக்கு ஆறிய டீதான் கொடுத்துவந்தார். இப்போது ஆவி பறக்கும் கண்ணாடி டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, மரியாதையோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குடித்துவிட்டுப் புதருக்குள் போனதும், "இப்ப இங்க ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சே" என்று கடையில் இருந்தவர்கள் சொல்வார்கள். நான் காலை வணக்கம் சொன்ன காலத்தில் ஒருவரும் அவ்வளவு பதில் பேசியதில்லை.

பேச்சியம்மாள் மரக்கட்டையில் வைக்கும் சோற்றில் மாற்றம் தெரிந்தது. அப்பளம் நொறுங்காமல் இருந்தது. ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் ஏதாவது ஒரு மரத்தின் பின்னாலிருந்து வருவேன் என்று தெரிந்தாலும், எந்த மரம் என்று தெரியாமல் சன்னலில் காத்திருந்தாள். தலை வாரியிருந்தாள். நான் மூன்று நொடியில் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன். திரும்பிப் பார்த்தால் அவள் இன்னும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன்.

மழைப் புத்தகத்தில் கையெழுத்துக்குப் பதில் தினமும் ஒரு காலடித் தடம் வைத்தேன். என் காலும் பெரியது இல்லை. நிபுணர்கள் வந்து அதைப் பார்த்துவிட்டு, இது குட்டியாக இருக்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சடையனை நான் சந்தித்தது ஆடி பதினொன்றாம் தேதி. மழைமானிக்குப் பக்கத்தில் ஒரு குத்துக்கல்லில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது சரிதான், கூன் இல்லை. கூடவே அவருடைய அம்மா மூக்காயி, நரைத்த முடியோடு, புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லண்ணே" என்று சடையன் ஆரம்பித்தார். "ஆனா ஒரு காலைப் பாறை மேல வச்சு, வாயைக் கோணிக்கிட்டு... அது என்னண்ணே?"

"அட்டை கடிச்சிருச்சு."

"எனக்கெல்லாம் அட்டை கடிக்காது. முடி இருக்குல்ல." பெருமையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

மூக்காயி புல்லைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இவன் உங்ககிட்ட விஷயத்தைச் சொல்ல மாட்டான். நான் சொல்றேன். இவனைக் கடைசியா ஆளுக பாத்து இந்த ஆடியோட ஏழு வருசம் முடியுது."

எனக்கு விதி தெரியும். ஏழு வருடம் ஒரு பார்வைகூடப் பதிவாகாத உயிரினத்தைக் கட்டுக்கதைப் பட்டியலுக்கு மாற்றிவிடுவார்கள். கட்டுக்கதைகளுக்குக் காட்டில் இடம் கிடையாது. பக்கத்து மலையில் இருந்த ஒற்றைக்கொம்பு மிளா மான் அப்படித்தான் போனது. இப்போது அது குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது மட்டும் வருகிறது. அதுவும் சாப்பிட மறுக்கும் குழந்தைகளுக்கு மட்டும்.

"அப்ப அந்தப் படத்தை உங்களுதுன்னு ஒத்துக்கலாமே" என்றேன். சொன்ன பிறகுதான் என் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் நினைவுக்கு வந்தது. சொன்னதை அப்படியே விட்டுவிட்டேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று கொஞ்சம் நம்பினேன்.

"அது என் கூன் இல்லையேண்ணே."

"நேரா போய் ரோட்டுல நின்னா என்ன? யாராவது பார்ப்பாங்க."

"நின்னேன்" என்றார் சடையன். "மூணு தடவ. மொதத் தடவ பஸ்ஸுல அம்பத்திரண்டு பேர் இருந்தாங்க. அம்பத்திரண்டு பேரும் போனைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டாந்தடவ லாரிக்காரர் ஹாரன் அடிச்சு, ஓரமா போங்கன்னார். போயிட்டேன். மூணாந்தடவ ஒரு காரை நிறுத்தி ஒரு அம்மா என்கிட்ட அருவிக்கு எந்தப் பக்கம்னு கேட்டாங்க. சொன்னேன். தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"வழி சரியா சொன்னீங்களா?"

"சரியாத்தான் சொன்னேன்."

பார்க்கப்பட வேண்டும் என்று நடுரோட்டில் நிற்பவரை ஒருவரும் பார்க்கவில்லை. யார் கண்ணிலும் படாமலே வயதாகிப்போன நான், அட்டை பிய்க்கும்போது பார்க்கப்பட்டேன். எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது. எதற்கு என்று சரியாகத் தெரியாததால் கேட்கவில்லை.

"விசாரணையில நீங்க உங்க உண்மையச் சொல்லுங்கண்ணே" என்று சடையன் எழுந்தார். "என்னோடத நான் சொல்லிடறேன். பொய்யாப் பாக்கப்பட்டு இருக்கறதவிட, சோறூட்டற இடத்துல இருந்துக்கலாம்."

மூக்காயி எழுந்திருக்கவில்லை. மகன் மரங்களுக்குள் போனதும் என்னிடம், "அவனுக்குப் புள்ளைங்கன்னா பயம், தம்பி" என்றார்.

ஆடி இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் விசாரணை நடந்தது. ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சடையனுக்கு ஒரு தூணின் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள், பாதிதான் தெரிய வேண்டும் என்று. எனக்கு எதிர்ப்பக்கத் தூண். தூண் அகலமாக இருந்ததால் நான் முழுவதுமாக மறைந்துவிட்டேன். இரண்டு தடவை என் பெயரைச் சொல்லி, நான் வந்திருக்கிறேனா என்று கேட்டார்கள்.

மூக்காயியின் சாட்சியத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தாயின் கண்ணுக்குத் தெரிவதைப் பார்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரை முன்வரிசை பெஞ்சில் பேச்சியம்மாளின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பேச்சியம்மாள் தன் பிளாஸ்கிலிருந்து அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். மூக்காயி டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். இருவரும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

மரகதவல்லி முதலில் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார். படத்தைக் கையில் கொடுத்தார்.

"நல்லாப் பாருங்கம்மா. இது உங்க வீட்டுக்காரரா?"

பேச்சியம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினேன். இருபத்து மூன்று வருடத்தில் என் படத்தை அவள் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். கல்யாண ஆல்பத்தில்கூட அவள் பார்ப்பது அவளுடைய தம்பியைத்தான்.

"இல்லீங்க" என்றாள்.

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இந்தப் படத்துல இருக்கறவரு ஒரு வேலையில முழுசா எறங்கியிருக்காருங்க. எங்க வீட்டுக்காரரு எதுலயும் அப்படி எறங்கினதில்ல. அடுப்புல பால் பொங்குனா ‘பொங்குது’ன்னு சொல்லுவாரு. எறக்கி வைக்க மாட்டாரு."

கூடத்தில் தலைகள் ஆடின. பால் விஷயம் உண்மைதான். தகவல் சொல்வது என் பங்கு என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"வேற ஏதாவது?"

"படத்துல இவரு நிக்கறதப் பாத்தா ஒரு பயம் வருது. எங்க வீட்டுக்காரரு வந்தா எங்க பூனைகூட எந்திரிக்காதுங்க. அதுபாட்டுக்கு நாற்காலியில இருக்கும். அவரு கீழ உக்காந்துக்குவாரு."

"அப்புறம்?"

"மூஞ்சியில ஒரு கோபம் தெரியுது. என் அண்ணன் எங்க நிலத்தை எழுதி வாங்கினப்ப எங்க வீட்டுக்காரரு அவருக்குப் பேனா எடுத்துக் குடுத்தாருங்க."

ராக்கப்பன் பின்வரிசையில் "அது ரொம்ப நல்ல பேனா" என்றார். அதுவும் உண்மைதான்.

"நிபுணர் அறிக்கையில ஏழடின்னு இருக்கு" என்று மரகதவல்லி எடுத்துக் கொடுத்தார்.

பேச்சியம்மாள் என் தூணைப் பார்த்தாள். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது நான். தூணிலிருந்து வெளியே வந்து மூன்று நொடி நின்று, மறுபடி உள்ளே போய்விட்டேன். மரகதவல்லி மழைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். அதற்கு முந்தைய புத்தகங்களும் இருபத்தாறு வருடத்து வரிகளோடு மேசைமேல் அடுக்கியிருந்தன. ஒரு வரிகூடக் காலி இல்லை. இதைப் பார்த்து யாராவது ஒருநாள் ஏதாவது சொல்வார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வார்கள் என்பதற்குச் சில வாக்கியங்களும் தயாராக வைத்திருந்தேன்.

"வெள்ளைச்சாமி சார், ஆனி பத்தொன்பதாம் தேதி காலையில நீங்க மழைமானிக்குப் போனீங்களா?"

எதிர்த் தூணில் சடையனின் பாதி முகம் தெரிந்தது. ஒரு கண், ஒரு காது. வேண்டாம் என்று அந்தப் பாதித் தலையை ஆட்டினார். பெஞ்சில் மூக்காயியின் காப்பி ஆறிப்போயிருந்தது. பேச்சியம்மாளின் கை அவருடைய முழங்கைமேல் இருந்தது.

"போகலைங்க" என்றேன்.

"அப்ப இந்த நாப்பத்திரண்டு மில்லிமீட்டர்?"

"நானா எழுதினதுங்க."

மரகதவல்லி பச்சைப் பேனாவை மூடிவைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, அந்த வரியை அடித்தார். பேனாவின் சத்தம் தூண்வரை கேட்டது. இருபத்தாறு வருடம் அதோடு முடிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒருவர் மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார்.

"சடையன், உங்க ஆட்சேபணையில மாற்றம் எதுவும் உண்டா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். நிமிர்ந்து வந்தவர், கூடத்தின் நடுவில் நின்று, முதலில் தோளை இறக்கினார். பிறகு கழுத்தை முன்னால் நீட்டினார். பிறகு முதுகைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். புதுச் செருப்புக்குள் காலை நுழைப்பதுபோல் அதற்கு நேரம் பிடித்தது. ஒரு காலைத் தூக்கிச் சாட்சி சொல்லும் ஸ்டூல்மேல் வைத்து, கெண்டைக்காலை நோக்கிக் குனிந்து, வாயைக் கோணினார். என்னைவிட நன்றாகச் செய்தார். கூடத்தில் இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள்.

"இது நான்தாங்க" என்றார். "அன்னைக்கு என்னை அட்டை கடிச்சிருச்சு."

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. பார்வை உறுதி. ஏழு வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கும். படத்தில் உள்ள உயரம், எடை, சினம், கூன் ஆகியவை சடையனுக்குச் சேரும். நான் சர்ச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டேன். மூக்காயி ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைப் புடவையில் துடைப்பதற்குப் புடவை இல்லாததால் முன்கையில் துடைத்துப் பேச்சியம்மாளிடம் கொடுத்தார்.

சடையன் வாசலில் எனக்காக நின்றார். கூனோடுதான் நின்றார்.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பரவாயில்லண்ணே. தரை பக்கத்துல தெரியுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவ்வளவு நாள் எப்படிண்ணே இதோட இருந்தீங்க?" என்றார்.

"கவனிக்கலை" என்றேன். அது பொய் இல்லை.

கூன் அவருக்குச் சேர்ந்துவிட்டதால் என் முதுகு அன்று மாலையே நிமிர்ந்துவிட்டது. வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தபோது நிலையின் மேல்கட்டை தலையில் இடித்தது. பூனை நாற்காலியில் இருந்தது. எழுந்திருக்கவில்லை. நான் கீழே உட்கார்ந்தேன்.

பேச்சியம்மாள் சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலையில நீங்க கம்பளிய எடுத்துக்கிட்டுப் போனதை நான் பாத்தேங்க" என்றாள். "படத்தைப் பாத்த உடனே நீங்கதான்னு தெரிஞ்சிருச்சு. காலைத் தூக்கி வச்ச விதத்துலயே."

"அப்புறம் ஏன்?"

"அந்தம்மாவுக்கு ஒரே மகன்."

நான் சோற்றைப் பிசைந்தேன். "பேனா விஷயமெல்லாம் சொல்லியிருக்க வேண்டாம்."

"ஒரு வரிதாங்க பொய் சொன்னேன். மத்ததெல்லாம் உண்மைதானே" என்றாள். பிறகு என் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள். அது நொறுங்கியிருந்தது. "நீங்க சொன்னது?" என்று கேட்டாள். "நானா எழுதினதுன்னு. அது எத்தனை வரி பொய்?"

"ரெண்டு."

"ஜெயிச்சிட்டீங்க" என்றாள். அவள் சிரித்து நாளாகியிருந்ததால், அது சிரிப்புதான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்த வாரம் ஊருக்குக் கொஞ்சம் தொந்தரவாகிவிட்டது. ஆனி பத்தொன்பதாம் தேதி மழை அளக்கப்படாததால், அன்றைக்கு மழை பெய்யவில்லை என்று ஆகிவிட்டது. பெய்யாத மழையை வைத்திருக்கக்கூடாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவரவர் பங்குத் தண்ணீரைக் கொண்டுவந்து பள்ளிக்கூட மைதானத்தில் ஊற்றும்படி தண்டோரா போட்டார்கள். ராக்கப்பன் தன் பங்கை ஏற்கெனவே டீயாகப் போட்டு விற்றுவிட்டதாகச் சொல்லி, டீயாகவே ஊற்றினார். தோட்டத்தில் ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கொண்டுவந்து குவித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. யார் காரணம் என்று யாருக்கும் நினைவில்லை. நானும் பேச்சியம்மாளும் நான்கு குடம் சுமந்தோம். நிமிர்ந்த முதுகுக்குக் குடம் பழக்கமில்லாததால் நான் பாதியை வழியிலேயே கொட்டிவிட்டேன். நான்காவது குடத்தை அவளே வாங்கிக்கொண்டாள்.

மழைமானி வேலைக்கு ஒரு புது ஆளைப் போட்டார்கள். ஒரு வரி காலியாக விட்டவனை அந்த வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கே தெரியும். காலையில் எட்டரை மணி ஆகும்போது நான் திண்டாடினேன். பேச்சியம்மாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்வாள். மூன்றாம் நாள் நானே இறக்கினேன். கை சுட்டுவிட்டது.

ஆவணி மாதம் ஆறாம் தேதி தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். உறை ஈரமாக இருந்தது. கடற்கரையில் இருக்கும் ஒரு ஊரின் பார்வை அலுவலகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். ஆனி பத்தொன்பதாம் தேதி காலை எட்டேகாலுக்கு நான் கூதல்மேட்டில் இல்லை என்பது தீர்ப்பின் மூலம் அவர்களுக்குத் தெரியவந்திருக்கிறது. அதே நேரத்தில் அவர்கள் கடலில், கரையிலிருந்து அரை மைல் தூரத்தில், இரண்டு கட்டுமரக்காரர்கள் ஒரு பெரிய உயிரினத்தைப் பார்த்திருக்கிறார்கள். விசாரித்ததில் அது நான்தான் என்று முடிவாகியிருக்கிறது. அந்த இடத்தில் இதுவரை இருந்த உயிரினத்துக்கு இதில் ஆட்சேபணை இல்லை. அதற்கு வயதாகிவிட்டது. வரும் பௌர்ணமிக்குள் நான் வந்து பொறுப்பேற்றுக்கொள்ளலாம்.

சத்தமாகப் படித்தேன். பேச்சியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு ஏதாவது எழுதியிருக்காங்களா?" என்றாள்.

கடிதத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. பதினோரு பாகம், அதாவது அறுபத்தாறு அடி ஆழத்தில் குடும்பக் குடியிருப்பு உண்டு, காலை நேரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தது.

"கிழக்குப் பார்த்த வீடா?"

"அப்படித்தான் இருக்கணும்."

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கினேன். மிதக்காதவற்றை மட்டும் எடுத்தால் போதும் என்று சொன்னாள்.